தொங்கல் காம்பராவில் ஏன் குளிர் அதிகம்?

தம்பி, தங்கச்சி, முதலில் ஒரு பந்தயம் கட்டுவோம். ஒரே அளவான இரண்டு ஐஸ் பக்கட் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றைத் தட்டில் போட்டு மேசைமேல் வையுங்கள். மற்றதை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, அப்பாயியின் கம்பளியால் மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, அதே மேசையில் வையுங்கள். எது முதலில் உருகும்?

வகுப்பில் கேட்டுப் பாருங்கள். “கம்பளிக்குள் இருப்பதுதான்” என்று பலர் அடித்துச் சொல்வார்கள். கம்பளி சூடு, சூட்டில் ஐஸ் உருகும் என்பது அவர்கள் கணக்கு. அரை மணித்தியாலம் கழித்துப் பிரித்துப் பாருங்கள். தட்டில் இருப்பது தண்ணீராக ஓடத் தொடங்கியிருக்கும். கம்பளிக்குள் இருப்பது இன்னும் கல்லாகவே கிடக்கும்.

கம்பளிக்கென்று சொந்தச் சூடு எதுவும் கிடையாது. அதன் நூல்களுக்கிடையே கோடிக்கணக்கான சின்னச் சின்ன இடைவெளிகள். அவற்றில் காற்று அசையாமல் அடைபட்டிருக்கிறது. அசையாத காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. உருக்கு அதைவிட ஏறக்குறைய 2,000 மடங்கு வேகமாகக் கடத்தும். அதனால்தான் கம்பளி வெப்பத்தை எந்தப் பக்கமும் இலேசில் போகவிடாது. பகலில் வெளிச்சூட்டை ஐஸிடம் போகவிடவில்லை. இரவில் உங்கள் உடம்புச் சூட்டை வெளியே போகவிடுவதில்லை.

குளிர்காலத்தில் வீட்டைக் கதகதப்பாக வைக்கவும் இரண்டே வழிதான். புதிதாகச் சூட்டை உண்டாக்கலாம், அல்லது இருக்கிற சூட்டை ஓடவிடாமல் பிடித்து வைக்கலாம். முதல் வழிக்குக் காசும் விறகும் வேண்டும். இரண்டாவது வழிக்குக் கொஞ்சம் பௌதிகவியல் போதும்.

மேலே போனால் ஏன் குளிர்கிறது?

பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளை 1,230 மீற்றர் அளவில். ஹப்புத்தளை 1,430 மீற்றர் அளவில். நமுனுகுல மலையின் உச்சி 2,036 மீற்றர். மேலே போகப் போகக் காற்றின் அமுக்கம் குறையும். அமுக்கம் குறைந்தால் காற்று விரியும், விரியும் காற்று குளிரும். சராசரியாக 1,000 மீற்றர் ஏறினால் வெப்பநிலை 6.5 பாகை செல்சியஸ் குறையும். இப்போது கழித்தல் கணக்குப் போடுங்கள். பதுளையை விட ஹப்புத்தளை சுமார் 5 பாகையும், நமுனுகுல உச்சி சுமார் 9 பாகையும் குளிராக இருக்க வேண்டும்.

மார்கழியில் வடகிழக்குப் பருவக்காற்று ஊவா மலைகளில் மழையைக் கொட்டும். ஈரக் காற்றும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். உயரமான தோட்டங்களில் விடியப்புறம் வெப்பநிலை 15 பாகைக்குக் கீழே போவது வழக்கம். பெரட்டுக்குப் போகும் அம்மா ஸ்வெட்டருக்கு மேல் துண்டையும் போர்த்திக்கொண்டு போவது இதனால்தான்.

“ஒரு மின் ஹீட்டர் வாங்கினால் என்ன?” என்று கேட்பீர்கள். 1,000 வாற்று ஹீட்டரை இரவில் 8 மணித்தியாலம் போட்டால் 8 அலகு மின்சாரம் செலவாகும். 30 நாளைக்கு 240 அலகு. இலங்கையில் மாதம் 180 அலகைத் தாண்டினால் வீட்டு மின்கட்டணம் ஆக உயர்ந்த படிக்கு ஏறிவிடும். லைட், டீவி, கேத்தல் எல்லாம் இன்னும் கணக்கில் சேரவில்லை!

வீட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஹீட்டர்

காசில்லாத ஹீட்டர் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கிறது. அது நீங்கள்தான்.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரின் உடம்பு ஏறக்குறைய 100 வாற்று வெப்பத்தை வெளியே விடுகிறது. பழைய காலத்து 100 வாற்றுக் குண்டு பல்ப் உறிஞ்சும் சக்தி அவ்வளவுதான். தூங்கும்போது அது 70 வாற்று அளவுக்குக் குறையும். சாப்பிட்ட சோறும் ரொட்டியும் கடைசியில் இந்த வெப்பமாகத்தான் மாறுகின்றன. ஐந்து பேர் தூங்கும் அறையில் 300 வாற்றுக்குக் குறையாத அடுப்பு ஒன்று விடிய விடிய எரிந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புகை இல்லை, கட்டணம் இல்லை.

அப்படியானால் விடியப்புறம் ஏன் பல் கிட்டுகிறது? உண்டான வெப்பம் தங்கவில்லை, ஓடிவிட்டது. வெப்பம் ஓடுவதற்கு மூன்று பாதைகள் உண்டு. உங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் அவற்றின் பெயர்கள் இருக்கும்: கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல். மூன்றையும் ஒரு லயத்திலேயே பார்த்துவிடலாம்.

தொங்கல் காம்பராவின் சுவர்க் கணக்கு

ஒரு லயத்தில் பத்துக் காம்பரா வரிசையாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் பழைய அளவுப்படி பத்தடிக்குப் பன்னிரண்டடி. நடுக் காம்பராவுக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் அடுத்த வீடு. அந்தச் சுவர்களுக்கு அப்பாலும் ஆட்கள் தூங்குகிறார்கள், அங்கும் கிட்டத்தட்ட இதே வெப்பநிலை. வெப்பம் எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிரான இடத்துக்குத்தான் போகும். சுவருக்குள்ளால் அப்படிப் போவதுதான் கடத்தல். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்றால் அது எங்கும் போகாது. ஆக, நடுக் காம்பராவில் வெளிக்குளிரைத் தொடுபவை முன்சுவரும் பின்சுவரும் மட்டுமே.

வரிசையின் கடைசியில் இருக்கும் தொங்கல் காம்பராவுக்கோ மூன்று சுவர்கள் வெளியே தெரிகின்றன. முதுகோடு முதுகாகக் கட்டிய இரட்டை லயமாக இருந்தால், நடுக் காம்பராவுக்கு ஒரு சுவர், தொங்கலுக்கு இரண்டு. இரண்டு வகையிலும் தொங்கலுக்கே நட்டம். கடைசி வீட்டுக்காரர் “எங்க வீட்டுலதான் குளிர் கூட” என்று சொன்னால் அது வீண் முறைப்பாடு இல்லை, சுவர்க் கணக்கு.

அந்தாட்டிக்காவின் பேரரசப் பென்குயின்களுக்கும் இந்தக் கணக்குத் தெரியும். கடுங்குளிரில் ஆயிரக்கணக்கில் நெருங்கி நின்றுகொள்ளும். ஓரத்தில் நிற்பவை மெல்ல மெல்ல உள்ளே நகர, உள்ளே நின்றவை ஓரத்துக்கு வரும். தொங்கல் காம்பராவை அப்படி இடம் மாற்ற முடியாதே!

லயத்தில் நெருக்கடியும் உண்டு, புகையும் உண்டு. தோட்டங்களில் இப்போது கட்டப்படும் தனி வீடுகள் எல்லோருக்கும் கிடைக்க வேண்டியவை. ஆனால் தனி வீட்டுக்கு நான்கு பக்கமும் வெளிச்சுவர். அதனால் புது வீட்டுக்குப் போகிறவர்கள் சூட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் கூடுதலாக யோசிக்க வேண்டும். நீலகிரியில் தோடர்கள் கட்டிவந்த பழைய குடிசைகளும் தனித்தனியாக நிற்பவைதான். தடித்த புல்வேய்ந்த, அரைவட்டமாக வளைந்த கூரை. ஏறக்குறைய மூன்றடி உயரத்தில் ஒரே ஒரு வாசல், தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். புல்லுக்குள் அடைபட்ட காற்று கம்பளியின் வேலையைச் செய்கிறது. சின்ன வாசல் சூடான காற்றை வெளியே விடாமல் பார்த்துக்கொள்கிறது.

தரையும் தகரமும்

“தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்” என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். மார்கழியில்தானே மழையும் குளிரும்? ஏன் தையையும் மாசியையும் சொன்னார்கள்?

வானத்தைப் பாருங்கள், விடை கிடைக்கும். மார்கழி இரவுகளில் பெரும்பாலும் மேகம் மூடியிருக்கும். பகலில் சூடான நிலமும் கூரையும் இரவில் அந்த வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத கதிர்களாக வானத்தை நோக்கி வீசுகின்றன. இதுதான் கதிர்வீசல். மேகம் அதில் ஒரு பெரும் பங்கை உறிஞ்சிக்கொண்டு, தானும் கீழ்நோக்கி வெப்பத்தை வீசும். தை பிறந்து மழை ஓய்ந்ததும் வானம் வெளிக்கிறது. நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரியும் இரவில் கூரையின் வெப்பத்தைத் தடுத்து நிறுத்த மேலே எதுவும் இல்லை. இதே காரணத்தால்தான் நுவரெலியாவில் தெளிந்த இரவுகளுக்குப் பிறகு புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிகிறது.

தகரக் கூரை அரை மில்லிமீற்றர்கூடத் தடிப்பில்லாத உலோகம். வானத்துக்குக் கதிர்வீசி வீசி, சுற்றியுள்ள காற்றைவிடவும் அது குளிர்ந்துவிடும். ஐந்து பேர் விடும் மூச்சில் உள்ள நீராவி அந்தக் குளிர்ந்த தகரத்தைத் தொட்டதும் துளித்துளியாக ஒடுங்கும். மழையே இல்லாத விடியற்காலையில் தகரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறதே, அது ஒழுக்கு அல்ல. நீங்கள் விட்ட மூச்சுத்தான்!

தகரத்துக்குக் கீழே ஒரு சீலிங் அடித்தால், இரண்டுக்கும் நடுவில் காற்று அடைபடும். பலகையோ, சீலிங் சீற்றோ, எது கட்டுப்படியாகுமோ அது. படுக்கும் அறையில் சீலிங் போட்ட வீட்டுக்கும் வெறும் தகரம் உள்ள வீட்டுக்கும் வித்தியாசம் முதல் இரவே தெரியும். சாக்கு, காட்போட் மாதிரி தீப்பற்றக்கூடிய எதையும் அடுப்புக்கு மேலே மட்டும் கட்டவே கூடாது.

அடுத்தது தரை. ஒரு ஸ்டீல் டம்ளரையும் ஒரு பலகைத் துண்டையும் இரவு முழுக்க ஒரே இடத்தில் வைத்துவிட்டுக் காலையில் தொட்டுப் பாருங்கள். டம்ளர் கூடக் குளிராக இருப்பதாகத் தோன்றும். வெப்பமானியை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வெப்பநிலை! உலோகம் உங்கள் விரலின் சூட்டை விரைவாக இழுத்துக்கொள்கிறது, பலகை மெதுவாக இழுக்கிறது. விரல் உணர்வது அந்த வேகத்தைத்தான். சீமெந்துத் தரையும் பலகையைவிட வேகமாக இழுக்கும். வெறும் பாயில் படுத்தால் மேலே எத்தனை கம்பளி போர்த்தினாலும் முதுகு வழியே வெப்பம் தரைக்குள் இறங்கிவிடும். பாய்க்குக் கீழே இரண்டு மடிப்புக் காட்போட் போடுங்கள். காட்போட்டின் நெளிநெளியான நடுப்பகுதி முழுக்கக் காற்றுத்தான். மேலே இரண்டாவது கம்பளி போர்த்துவதைவிட, அதைக் கீழே விரிப்பது சில வேளை கூடப் பலன் தரும்.

மிச்சமிருக்கும் பாதை மேற்காவுகை. சூடான காற்று இலேசானது, மேலே ஏறும். கூரைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்தால் அது வெளியே போகும்போது, கதவடியால் குளிர்காற்று உள்ளே வரும். கதவடியில் பழைய துணியைச் சுருட்டி வையுங்கள். ஜன்னலுக்குத் தடித்த சீலை போடுங்கள். பொழுது சாயும் முன்பே ஜன்னலைச் சாத்துங்கள்.

அடைக்கக் கூடாத துவாரம்

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எல்லாச் சந்தையும் அடைத்துவிட்டு, குளிருக்கு இதமாக ஒரு சட்டியில் தணல் அள்ளி வந்து படுக்கையறையில் வைத்தால் என்ன?

உயிர் போகும். உண்மையாகவே போகும்.

அடைபட்ட அறையில் ஒட்சிசன் போதாமல் கரி எரியும்போது காபனோரொட்சைட்டு வாயு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணும் எரியாது. நம் இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினை அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலையிடி வரும், தூக்கம் வரும், பிறகு எழும்ப முடியாது. மலைநாட்டுக் குளிரில் மூடிய அறைக்குள் கரி எரித்து ஆட்கள் இறந்த செய்திகள் வந்திருக்கின்றன. தணல் சட்டி, விறகடுப்பு, கேஸ் அடுப்பு, பாபகியூ அடுப்பு, எதுவாக இருந்தாலும் மூடிய படுக்கையறைக்குள் வேண்டவே வேண்டாம்.

புகையும் சும்மா விடாது. வீட்டுக்குள் எரியும் விறகு, கரி போன்றவற்றின் புகையால் உலகம் முழுவதும் 2020இல் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஆகவே குசினியின் புகைபோக்கியையும் கூரைச் சந்தையும் அடைக்காதீர்கள். படுக்கும் அறையிலும் மேல்பக்கம் ஒரு சின்னக் காற்றுத் துவாரம் திறந்தே இருக்கட்டும்.

விறகுக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர்

தோட்டத்து அடுப்பு பெரும்பாலும் விறகால்தான் எரிகிறது. கவ்வாத்து வெட்டும் காலத்தில் மிலாறு, மற்ற நேரத்தில் சவுக்கு, யூக்கலிப்டஸ். அதைக் கட்டித் தலையில் வைத்து மேட்டில் ஏறி வரும் பாரம் அம்மாவுக்குத்தான் தெரியும். மூன்று கல் வைத்த திறந்த அடுப்பில், விறகில் உள்ள 100 பங்கு வெப்பத்தில் 10 முதல் 15 பங்குதான் பானைக்குள் போகிறது. மீதி காற்றோடு போகிறது.

அந்தக் கொஞ்சத்தையும் ஈர விறகு தின்றுவிடும். ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க ஏறக்குறைய 2,600 கிலோயூல் வெப்பம் தேவை. அதே வெப்பத்தால் 7 லீற்றருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். கேத்தலுக்குப் போக வேண்டிய வெப்பம், விறகுக்குள் இருக்கும் தண்ணீரை விரட்டவே போய்விடுகிறது.

இதைத் தேயிலைத் தொழிற்சாலையைவிட நன்றாகச் சொல்லித் தருபவர் இல்லை. ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலைதான் கிடைக்கும். மீதி மூன்றரைக் கிலோவும் தண்ணீர். அதில் ஒரு பகுதி வாட்டும்போது காற்றோடு போகும். மிச்சத்தை ட்ரையரின் சூடான காற்று விரட்டி, தூளில் ஏறக்குறைய நூற்றுக்கு 3 பங்கு ஈரம் மட்டும் இருக்கும்படி செய்கிறது. தொழிற்சாலை அவ்வளவு விறகை எரிப்பது இதற்காகத்தான். ஈர விறகை அடுப்பில் செருகினால் உங்கள் அடுப்பும் ஒரு குட்டி ட்ரையர்தான். ஆனால் தூள் கிடைக்காது, புகைதான் கிடைக்கும்.

எனவே விறகை மழைக்கு முன்பே பிளந்து, நிலத்தில் படாமல் இரண்டு கட்டையின் மேல் அடுக்கி, மேலே படங்கு போட்டு, பக்கங்களைத் திறந்து விடுங்கள். பக்கத்தையும் மூடினால் ஈரம் வெளியேறாது. பானைக்கு மூடி போடுங்கள். ‘அனகி’ என்ற களிமண் அடுப்பைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1980களில் இலங்கையில் உருவானது, இரண்டு பானை வைக்கலாம். தீயைச் சுற்றிச் சுவர் இருப்பதால் காற்று சுவாலையைக் கலைப்பதில்லை. முதல் பானையைச் சூடாக்கிய தீ, போகிற வழியில் இரண்டாவதையும் சூடாக்கிவிட்டுப் போகிறது.

தீயில்லாமல் வேகும் பருப்பு

கம்பளிப் பந்தயத்தில் கற்றதைக் குசினிக்குக் கொண்டுபோவோம். இதை அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

ஒரு பெரிய காட்போட் பெட்டியின் அடியிலும் பக்கங்களிலும் கசக்கிய பத்திரிகைத் தாளையும் பழைய துணிகளையும் நான்கு விரல் தடிப்புக்கு அடையுங்கள். நடுவில் பானை இறங்க ஒரு குழி இருக்கட்டும். ஊறவைத்த பருப்பை மூடியோடு அடுப்பில் வைத்து, பத்து நிமிடம் நன்றாகக் கொதித்ததும் இறக்கி, மூடியைத் திறக்காமல் குழிக்குள் வையுங்கள். பெட்டியில் தணல் எதுவும் ஒட்டி வரக் கூடாது. மேலே மடித்த கம்பளி ஒன்று. ஒரு மணித்தியாலம் கழித்துத் திறந்தால் பருப்பு வெந்திருக்கும். வெப்பம் ஓடாததால் கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழேயே நெடுநேரம் நின்று, சமையல் தானாக நடந்திருக்கும். உலகப் போர்க் காலங்களில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது ஐரோப்பாவில் வைக்கோல் பெட்டிகளில் இப்படிச் சமைத்தார்கள். சாப்பிடும் முன் ஒரு முறை கொதிக்க வைத்துக்கொள்ளுங்கள். இறைச்சி, மீனுக்கு இந்த முறை வேண்டாம்.

வெயிலையும் வேலைக்கு வைக்கலாம். பீலியிலிருந்து வீட்டுக்கு வரும் கறுப்புக் குழாயில் மத்தியானம் முதலில் வரும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்குமே? கறுப்பு நிறம் சூரியக் கதிர்களை நன்றாக உறிஞ்சும். 15 லீற்றர் தண்ணீரை 18 பாகையிலிருந்து 40 பாகைக்குச் சூடாக்கத் திறந்த அடுப்பில் அரைக் கிலோவுக்கு மேல் விறகு போகும். வெயில் நாளில் ஒரு கறுத்த வாளியை மூடி வெயிலில் வைத்து, பின்னேரம் மூன்று மணிக்கே குளித்துவிட்டால் அந்த விறகில் ஒரு நல்ல பங்கு மிச்சம். இன்னொன்று, மார்கழியில் நமக்கு மத்தியானச் சூரியன் தெற்கே சுமார் 30 பாகை சாய்ந்திருக்கும். தெற்குப் பக்கத்து ஜன்னலைப் பகலில் திறந்துவிட்டால் வெயில் தரைவரை வந்து சூடேற்றும்.

இந்த மாதப் புதிர்

300 மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பாகை என்ற கணக்கில், மேலே போகப் போகத் தண்ணீரின் கொதிநிலை குறைகிறது. பதுளையில் தண்ணீர் ஏறக்குறைய 98 பாகையில் கொதிக்கும், ஹப்புத்தளையில் ஏறக்குறைய 95 பாகையில். அப்படியானால் ஹப்புத்தளைக்காரருக்கு விறகு மிச்சமா, நட்டமா? தேத்தண்ணிக்கு ஒரு விடை, பருப்புக்கு வேறு விடை. ஏன் என்று யோசியுங்கள். பிறகு ஹப்புத்தளையில் ஒருவரும் பதுளையில் ஒருவரும் ஒரே அளவு பருப்பை, ஒரே மாதிரியான பானையில், மூடி போட்டு வேகவைத்து, எரிந்த விறகை நிறுத்துப் பாருங்கள். இரண்டு பேருடைய விறகும் ஒரே அளவு காய்ந்திருந்தால்தான் இந்தப் போட்டி செல்லும்!